வாய்தா மலை

பர்மாக் காட்டில் மழை வலுத்தபோது, உளுந்தை ஊறப்போட்டோமா இல்லையா என்ற சந்தேகம் செண்பகவல்லிக்கு வந்துவிட்டது. கையில் துப்பாக்கி, முதுகில் மூட்டை, மூக்குக்குக் கீழே ஹவில்தார் மீசை. அட்டை ஒன்று கணுக்காலில் ஏறிக்கொண்டிருந்தது. அதைப் பிய்த்துப் போட்டுவிட்டு மறுபடியும் உளுந்தைப் பற்றியே யோசித்தாள்.

கண்கூட்டைக் கழற்றினால் தெரிந்துவிடும். கழற்றியதும் பர்மா மறைந்து, கோவில்பட்டியில் அவளுடைய மாவுக் கடையின் பின்னறை வந்துவிடும். இரண்டு எட்டு வைத்தால் உளுந்துப் பாத்திரம். ஆனால் முறை மாறுவதற்கு முன் கழற்றினால் ஹவில்தார் குழிக்குள் மரக்கட்டையாக நிற்பார். அந்த நேரம் பார்த்து யாராவது சுட்டுவிட்டால் மில் லைனின் இருபத்திரண்டு வீடுகளும் போய்விடும். ஒரு நாள் தோசை தின்னாவிட்டால் ஊர் செத்துவிடாது என்று அவள் அப்படியே உட்கார்ந்துகொண்டாள். அவளுடைய போருக்கு இது ஒன்பதாவது வருடம். இந்த ஒன்பது வருடத்தில் அவள் ஒரு தடவைகூடச் சுட்டதில்லை.

கண்கூடு என்பது தலையில் கவிழ்த்துக்கொள்ளும் கூடு. "கண்கூடாகப் பார்த்தேன்" என்று சாட்சி சொல்வார்களே, அந்தச் சொல்லைத்தான் எடுத்துப் பெயராக வைத்திருந்தார்கள். மாட்டிக்கொண்டால் கண்ணுக்கு ஏதோ ஒரு பழைய போர்க்களம் தெரியும், தோலில் அந்த ஊர் மழை விழும். அங்கே நமக்கென்று ஒரு சிப்பாயின் உடல் காத்திருக்கும். அதற்குப் போருடல் என்று பெயர். ஆரம்பத்தில் இது பிள்ளைகளின் விளையாட்டாகத்தான் வந்தது. விடுதியில் பிரியாணிக்கு யார் காசு கொடுப்பது என்பதைக்கூடப் பானிப்பட்டில் போய்ச் சுட்டுத் தீர்த்துக்கொண்டார்கள்.

அதைப் பார்த்த ஓர் அமைச்சருக்கு யோசனை பிறந்தது. அப்போது நீதிமன்றங்களில் வழக்குகள் மலையாகக் குவிந்து கிடந்தன. ஒரு வாய்தா, அது முடிந்தால் இன்னொரு வாய்தா என்று தேதியைத் தள்ளித் தள்ளிப் போட்டு, வழக்குத் தொடுத்தவர் போய்ச் சேர்ந்து, மகனும் போய்ச் சேர்ந்து, பேரன் வந்து கூண்டில் நிற்பான். இனி வாய்தா என்ற பேச்சே கிடையாது என்று களத்தீர்ப்புச் சட்டத்தைக் கொண்டுவந்தார்கள். சொத்துத் தகராறா? சரித்திரத்தில் நடந்த போர்களில் ஒன்றைக் குலுக்கிப்போட்டு எடு. தரப்புக்குப் பதினோரு பேர் வரை இறங்கு. எந்தத் தரப்பின் கடைசி உடல் விழுகிறதோ அது தோற்றது. மேல்முறையீடு கிடையாது.

முதல் வருடம் நாடே கொண்டாடியது. நாற்பது வருட வரப்புத் தகராறு ஒரு டீ குடிக்கும் நேரத்தில் தீர்ந்தது. வக்கீல்கள் கறுப்பு அங்கியை மடித்து வைத்துவிட்டு மனை வியாபாரத்துக்குப் போனார்கள். அப்புறம்தான் ஜனங்களுக்கு விஷயம் உறைத்தது. பணம் உள்ளவன் நல்ல சுடுகாரனாகப் பார்த்துக் கூலிக்கு வைத்துக்கொள்வான். இல்லாதவன் தானே போய்ச் சாக வேண்டும்.

மில் லைன் அப்படித்தான் மாட்டிக்கொண்டது. மூடிப்போன நூற்பாலையின் தொழிலாளர்கள் குடியிருந்த நீளக் கட்டிடம் அது. வீட்டுக்கு வீடு ஒற்றைச் சுவர். இந்த முனையிலிருந்து அந்த முனை வரை ஒரே ஓட்டுக்கூரை. ஒரு வீட்டை இடித்தால் பக்கத்து வீட்டின் உத்தரம் தொங்கும். ஆலையை வாங்கிய சரக்கு நிறுவனம் லைனும் தனக்குத்தான் சேரும் என்றது. லைன்காரர்கள் இல்லை என்றார்கள். குலுக்கலில் இரண்டாம் உலகப் போர், பர்மா முனை விழுந்தது. லைன்காரர்களுக்கு இந்தியச் சிப்பாய்களின் உடல்கள், நிறுவனத்துக்கு ஜப்பானியச் சிப்பாயின் உடல்.

லைனிலிருந்து பதினோரு பேர் இறங்கினார்கள். நிறுவனம் ஒரே ஒருவனை அனுப்பியது. இவர்களுக்கு இவன் ஒருத்தன் போதும் என்ற திமிர்தான், வேறென்ன. ஆனால் திமிருக்குக் காரணம் இருந்தது. தூத்துக்குடி ஜெரோம் என்றால் அப்போது மாநிலம் முழுக்கத் தெரியும். பதினோரு மணி டீ வருவதற்குள் பத்துப் பேரைச் சாய்த்துவிட்டான். மூன்றாவதாக விழுந்தது செண்பகவல்லியின் தம்பி இசக்கிராஜா. அவன் கண்கூட்டைக் கழற்றிவிட்டு, சுவரில் சாய்ந்து உட்கார்ந்து சின்னப் பிள்ளைபோல அழுதான்.

செண்பகவல்லி பதினோராவது ஆள். அவள் வீரத்தால் ஒன்றும் தப்பவில்லை. ஓடும்போது சேற்றில் வழுக்கி ஒரு குழிக்குள் விழுந்தாள். மேலே மூங்கில் புதர் மூடிக்கொண்டது. குழிக்குள் கிடந்தபடி அவளுக்குப் பயமாக இருந்தது. கொஞ்ச நேரத்தில் பயம் போய்க் கோபம் வந்தது. யாரோ ஒருவன் சுட வருவான், நான் போய் நெஞ்சைக் காட்ட வேண்டுமாக்கும்!

"ஹவில்தார், வெளியே வந்து போரிடவும்" என்றது களநடுவரின் குரல். களநடுவர் ஆள் இல்லை, எந்திரம். சட்டம் முழுவதையும் அதற்குள் ஊட்டியிருந்தார்கள்.

"வரலன்னா?"

"வராவிட்டால் போர் முடியாது."

"போர் முடியலன்னா?"

"முடியும் வரை வழக்குச் சொத்து உள்ளது உள்ளபடி இருக்கும். இடிக்கக் கூடாது, கட்டக் கூடாது, விற்கக் கூடாது."

"அதத்தான நாங்க மொதல்ல இருந்து கேக்கோம்!" என்றாள் செண்பகவல்லி. "வெளிய வந்தே ஆகணும்னு ஒங்க சட்டத்துல எங்க எழுதிருக்கு? அதச் சொல்லுங்க."

களநடுவர் சட்டத்தை அலசியது. கொஞ்ச நேரம் கழித்து, "எங்கும் எழுதப்படவில்லை" என்று நேர்மையாக ஒப்புக்கொண்டது. போர் என்றால் சண்டை போடுவார்கள் என்பதை யாராவது எழுதியா வைப்பார்கள்?

அன்று ஐந்து மணிக்குக் களம் மூடியது. போருக்கும் அரசாங்க அலுவலக நேரம்தான், ஞாயிற்றுக்கிழமை விடுமுறை. மறுநாள் அவள் ஊர்ந்தே இன்னொரு மலைக்குப் போனாள். களத்தை உருவாக்கியவர்கள் பர்மாக் காட்டை இலை இலையாகச் செய்து வைத்திருப்பதாகப் பீற்றிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பெருமை அவளுக்கு வசதியாகப் போயிற்று. ஒரே போருடலைத் தரப்பிலுள்ள யார் வேண்டுமானாலும் முறை வைத்து மாட்டிக்கொள்ளலாம் என்று சட்டத்தில் இருந்தது. சாப்பிட்டுவிட்டு, கை கழுவிவிட்டு வர வேண்டுமே. லைனில் வீட்டுக்கு ஒருவர் முறை எடுத்துக்கொண்டார்கள். எப்படி ஊர்வது, எப்படி மூச்சை அடக்குவது, தடத்தை எப்படி இலை போட்டு மூடுவது என்று செண்பகவல்லியே எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்தாள். சுடுவதை மட்டும் சொல்லிக்கொடுக்கவில்லை. அது அவளுக்கே தெரியாது.

செய்தி பரவியது. திருச்சியில் ஒரு குடும்பம் வாட்டர்லூவில் வைக்கோல் போருக்குள் புகுந்துகொண்டது. கரூரில் பங்காளிகள் இரண்டு பேரும் ஒரே பாலைவனத்தில் எதிரெதிர்த் திசையில் நடந்து காணாமல் போனார்கள். மாநிலத்தின் போர்க்களங்கள் எல்லாம் அமைதியாகிவிட்டன. எங்கு பார்த்தாலும் புதர்; புதருக்குள் ஒரு வழக்கு. செண்பகவல்லி இருந்த மலைக்குச் சரித்திரத்தில் என்ன பெயரோ, ஊர் வைத்த பெயர் வாய்தா மலை.

ஜெரோம் அவளைக் கண்டுபிடிக்காமல் இல்லை. இரண்டாம் வருடமே கண்டுபிடித்துவிட்டான். எதிர்மலையிலிருந்து அவன் தொலைநோக்கியில் பார்த்துக்கொண்டிருந்தபோது, முறை மாறும் நேரத்தில் ஒரு புதருக்குள் ஹவில்தார் ஒருவர் திடுக்கிட்டுத் தன் மீசையைத் தடவிப் பார்த்தார். காலையில் செண்பகவல்லி, மதியம் தம்பி பெண்டாட்டி. லைனில் பெரும்பாலும் பெண்கள்தான் முறைக்கு வந்தார்கள். மாட்டியதும் எல்லோருக்கும் முதலில் கை மீசைக்குத்தான் போகும். மறுநாள் காலை அவன் பின்பக்கமாக வந்து அவள் பிடரியில் துப்பாக்கியை வைத்தான்.

"எக்கா, சத்தம் போடாதீங்க."

செத்தோம் என்று அவள் கண்ணை மூடிக்கொண்டாள். வெடிக்கவில்லை. திரும்பிப் பார்த்தால், ஜப்பானியச் சிப்பாய் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தான்.

"ஏன்டா, சுட வேண்டியதுதான?"

"சுட்டா கேஸ் முடிஞ்சிரும்லக்கா."

"அதுக்குத்தான ஒன்னய அனுப்பிருக்கான்?"

"கேஸ் முடிஞ்சா என் சம்பளமும் முடிஞ்சிரும். இப்பத்தான் லோன் போட்டு வீடு கட்ட ஆரம்பிச்சிருக்கேன்." அவன் கொஞ்சம் வெட்கப்பட்டான். "நீங்க பாட்டுக்கு இருங்க. நான் அங்கிட்டுத் தேடுன மாதிரி எழுதிக்கிடுதேன்."

செண்பகவல்லிக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. வக்கீல்களை ஒழித்துவிட்டோம் என்று அரசாங்கம் மார்தட்டிக்கொண்டிருந்தது. வக்கீல் எங்கே ஒழிந்தார்? துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு இதோ பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்!

அதற்குப் பிறகு செவ்வாய்க்கிழமை தோறும் அவன் வருவான். கிழக்குச் சரிவில் காலடித் தடம் தென்பட்டது, வடக்கே புகை தெரிந்தது என்று நிறுவனத்துக்குத் தவறாமல் அறிக்கை அனுப்பிவிட்டு வந்து உட்கார்ந்து பேசுவான். அவனுக்குக் கல்யாணம் ஆனது, பெண் குழந்தை பிறந்தது, அவனுடைய அம்மாவுக்கும் மனைவிக்கும் ஒத்துப்போகாமல் தனிக்குடித்தனம் போனது எல்லாம் அவளுக்குத் தெரியும். இந்தப் பேச்சை அவள் லைனில் யாரிடமும் சொன்னதில்லை. எதிரியோடு உறவாடுகிறாள் என்று பெயர் வரும். இசக்கி வேறு அந்த முதல் நாளை இன்னும் மறக்கவில்லை.

உளுந்துச் சந்தேகம் வந்த அன்றைக்கும் செவ்வாய்க்கிழமைதான். ஆனால் ஜெரோம் புதருக்குள் ஊர்ந்து வரவில்லை. சரிவின் நடுவே, மழையில் நனைந்துகொண்டு, இரண்டு கையையும் தூக்கியபடி நடந்து வந்தான்.

"என்னடா இது கோலம்? குனிஞ்சு வா!"

"சுடுங்கக்கா."

"என்னது?"

"என்னயச் சுட்டுருங்க. கம்பெனி தோத்துட்டு வரச் சொல்லிட்டான். சரணடைஞ்சாலும் நானே சுட்டுக்கிட்டாலும் தோத்ததா எடுத்துக்க மாட்டாங்க, வாபஸும் வாங்க முடியாது. நீங்க சுட்டாத்தான் உண்டு."

ஒன்பது வருடம். இந்தக் குழி, இந்த அட்டை, இந்த மழை. ஒரு விரலை அசைத்தால் முடிந்தது; வீடு வீடாகப் போய்ச் சொல்லலாம். செண்பகவல்லி துப்பாக்கியைத் தூக்கக்கூடச் செய்தாள். பிறகு ஏதோ இடித்தது. நிறுவனம் என்றைக்கு நல்லதுக்கு ஒன்றைச் செய்தது? சோழியன் குடுமி சும்மா ஆடுமா?

"அவனுக்கு என்னடா லாபம், தோக்குறதுல?"

ஜெரோம் கையை இறக்கவில்லை. முகத்தை மட்டும் திருப்பிக்கொண்டான்.

"சொல்லு."

"கேஸ் இருக்குற வரைக்கும் லைன்ல யாரும் விக்க முடியாதுல்லக்கா. நீங்க ஜெயிச்சா அவங்கவங்க வீடு அவங்கவங்க பேருக்கு வந்துரும். அப்புறம் விக்கலாம். ஒங்க வீட்டையும் இன்னொரு எட்டு வீட்டையும் தவிர லைன்ல எல்லாம் பேசி முடிச்சாச்சு. அட்வான்ஸும் வாங்கியாச்சு." அவன் தயங்கினான். "ஒங்களுக்கு மனசு வரலன்னாலும் பரவால்ல, மதியம் இசக்கி வருவாரு, அவரு சுட்டுக்கிடுவாருன்னு கம்பெனில சொன்னாங்க."

இசக்கி. அவள் தூக்கி வளர்த்த பிள்ளை, பக்கத்து வீடு, நடுவில் ஒற்றைச் சுவர். இரவில் அவன் இருமினால் இவளுக்கு விழிப்பு வரும். ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்ற வலிதான் முதலில் வந்தது. அப்புறம் கணக்கு தானாக ஓடியது. பாதி வீடுகளை வாங்கியதும் இடிப்பார்கள். மிச்சத்தின் கூரை தானே இறங்கும். விற்க மாட்டேன் என்றவர்களும் வந்த விலைக்குக் கொடுத்துவிட்டுப் போக வேண்டியதுதான். ஒன்பது வருடம் தோற்காமல் இருந்து காப்பாற்றியதை ஜெயித்துத் தொலைக்க வேண்டுமாம்.

"முடியாது" என்றாள் சத்தமாக.

"எக்கா, நீங்க இல்லன்னா அவரு சுடப்போறாரு. இன்னும் கொஞ்ச நேரத்துல முறை மாறிரும்."

செண்பகவல்லி மூட்டையைத் திறந்து கயிற்றை எடுத்தாள். ஹவில்தார்கள் எதற்குக் கயிறு வைத்திருந்தார்களோ, அவள் இதுவரை துணி காயப்போடக்கூட அதைப் பயன்படுத்தியதில்லை.

"கையப் பின்னால கொண்டா."

"எதுக்கு?"

"கைதியச் சுட்டா சுட்டவன் தோத்தான். சட்டம் இருக்குல்ல? ஒன்னய நான் பிடிச்சிட்டேன்னா இசக்கியும் சுட முடியாது, எவனும் சுட முடியாது. போர் பாட்டுக்கு இருக்கும்."

ஜெரோம் வாயைப் பிளந்தான். "அப்போ என் சம்பளம்?"

"களநடுவரே, கைதிய ஆளில்லாம விடலாமா?"

"விடக் கூடாது" என்றது களநடுவர். "கைதியிடம் நாள்தோறும் நலம் விசாரிக்க வேண்டும். பதில் சொல்ல அந்தத் தரப்பில் ஆள் இருக்க வேண்டும்."

"கேட்டுக்கிட்டியா? ஒனக்கு ஓய்வு வயசு வரைக்கும் வேலை இருக்கு."

ஓடியிருந்தால் ஓடியிருக்கலாம். அவனுடைய வேகத்துக்கு அவள் கிட்டத்தில் நெருங்கியிருக்க முடியாது. சரிவில் இறங்கி நின்று, மதியம் வருகிறவனிடம் நெஞ்சைக் காட்டியிருக்கலாம். ஆனால் ஜெரோம் திரும்பி நின்று இரண்டு கையையும் பின்னால் சேர்த்து வைத்தான்.

"ரொம்ப இறுக்காதீங்கக்கா."

அவள் கட்டி முடித்ததும் களநடுவர் பதிவு செய்தது. "கைதியை விடுவிக்கும் உரிமை, பிடித்தவரின் குரலுக்கு மட்டுமே உண்டு. அந்தக் குரலை யாரும் கட்டாயப்படுத்தக் கூடாது."

"ரொம்ப நல்லது" என்றாள் செண்பகவல்லி. முறை முடிந்தது. கண்கூட்டைக் கழற்றி, வாசலில் நின்றிருந்த தம்பியிடம் நீட்டினாள். அவன் அன்றைக்குப் பெண்டாட்டிக்குப் பதிலாகத் தானே முறைக்கு வந்திருந்தான். அவன் கண்ணை அவளும் பார்க்கவில்லை, அவள் கண்ணை அவனும் பார்க்கவில்லை. அவள் போய்ப் பாத்திரத்தைத் திறந்து பார்த்தாள். உளுந்து ஊறித்தான் இருந்தது.

கிரைண்டரில் உளுந்தைப் போட்டு ஒரு சுற்று ஓடியிருக்கும். பின்னறையிலிருந்து இசக்கி கண்கூட்டைப் பிடுங்கி எறியாத குறையாக வந்தான்.

"என்னக்கா செஞ்சு வச்சிருக்க?"

"பாத்தேல்ல?"

"அவன அவுத்து விடு. ஒன் கொரலத்தான் கேக்குது அந்த மிசினு."

"எம்புட்டுலே வாங்குன?"

அதற்குள் சத்தம் கேட்டு நான்கைந்து வீட்டுக்காரர்கள் கடை வாசலுக்கு வந்துவிட்டார்கள். மாவு வாங்க வந்தவர்கள் தூக்குவாளியோடு ஒதுங்கி நின்றார்கள். யாரும் அவளைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவளுக்கு எளிதாக இருந்திருக்கும்.

"எனக்கு மட்டும் ஆசையாக்கா?" இசக்கியின் குரல் இறங்கியிருந்தது. "ஒன்பது வருசமா ஒரு ஓடு மாத்த முடியல. ஒழுகுற எடத்துல சட்டி வச்சிக்கிட்டு இருக்கோம். மகளுக்கு ஒரு ரூம் எடுத்துக் கட்ட முடியல. கேட்டா உள்ளது உள்ளபடிங்கான். பொழுது விடிஞ்சா பர்மாவுக்குப் போயி அட்டைக்கு ரத்தம் குடுத்துட்டு வாரோம். இது ஒரு பொழப்பா? ஜெயிச்சா என் வீடு. என் வீட்ட நான் விப்பேன், வச்சிருப்பேன், ஒனக்கென்ன?"

"ஒன் வீட்ட இடிச்சா என் வீடு நிக்காதுலே. நம்ம செவரு ஒத்தச் செவரு."

"அதுக்காக எல்லாரையும் காலம் முழுக்கக் கட்டிப் போட்டுருவியா? கம்பெனிக்காரன் நம்மள அடைச்சு வச்சிருக்கான்னு ஊரெல்லாம் சொன்ன. இப்ப யாரு அடைச்சு வச்சிருக்கா?"

அந்தக் கேள்வி அவளைத் தைத்தது. அவள் அதை மறைக்கவில்லை.

"நாந்தான்" என்றாள். "நாந்தான் அடைச்சு வச்சிருக்கேன். விக்க மாட்டேங்குற எட்டு வீட்டையும் எவன் கேட்டான்? நீ கேட்டியா? அவங்க கிட்டப் பேசாம என் முதுகுக்குப் பின்னால முடிச்சியே, அதுக்கு மொதல்ல பதில் சொல்லு. என் கொரலு வேணும்ல? கேட்டுக்கோ. முடியாது."

"அப்போ நாங்க ஒன் மேல கேஸ் போடுவோம்."

"போடுங்க."

போட்டார்கள். கைதியை விடுவிக்க மறுத்து லைன்காரர்களின் சொத்துரிமைக்குக் குறுக்கே நிற்கிறாள், அவள் குரல் கொடுத்தே ஆக வேண்டும் என்று வழக்கு. கட்டாயப்படுத்தக் கூடாது என்ற சட்டம் இருந்தது. ஆனால் களத்தில் தோற்றவருக்கு எந்தச் சட்டமும் துணைக்கு வராது. குலுக்கலில் முதல் உலகப் போர், பிரான்ஸ் நாட்டுப் பதுங்குகுழிகள் விழுந்தன. அந்தத் தரப்பில் இசக்கியோடு பதினோரு பேர். விற்க மாட்டோம் என்ற எட்டு வீட்டுக்காரர்களும் அவள் தரப்பில் வருவதாகத்தான் சொன்னார்கள். நாளைக்கும் ஒரே குழாயில் தண்ணீர் பிடிக்க வேண்டியவர்கள், நீங்கள் வேண்டாம் என்று அவள் தடுத்துவிட்டாள்.

வழக்கு நாளன்று காலை கண்கூட்டை மாட்டும்போதே அவள் ஒன்றை முடிவு செய்திருந்தாள். இந்தத் தடவை ஒளியப் போவதில்லை. எப்படி ஒளிய முடியும்? அவளுக்குத் தெரிந்த பதுங்கும் வித்தை எல்லாம் அவர்களுக்கும் தெரியும், சொல்லிக்கொடுத்ததே அவள்தான். அதைவிட, மற்றவனுக்கு ஒளியலாம், தம்பிக்கு ஒளிய அவளுக்கு மனமில்லை. சுடுகிறவன் முகத்தைப் பார்த்துச் சுடட்டும்.

களம் திறந்தது. சாம்பல் வானம். மரமே இல்லாத சேற்று நிலம். இந்தப் பக்கம் ஒரு முள்கம்பி வேலி, அந்தப் பக்கம் ஒரு முள்கம்பி வேலி. அவள் குழியிலிருந்து ஏறி, வேலியைத் தாண்டி, நடுவெளியில் போய் நின்றாள். ஒன்பது வருடம் கழித்துப் போர்க்களத்தில் முதுகை நிமிர்த்தி நின்றது அவளுக்கே புதிதாக இருந்தது.

எதிரே யாரும் இல்லை.

கொஞ்ச நேரம் அவளுக்குப் புரியவில்லை. பிறகு புரிந்தது. களம் திறந்த அந்த நொடியே பதினோரு பேரும் கிடைத்த குழியில் பாய்ந்து படுத்துவிட்டார்கள். மூச்சை அடக்கிவிட்டார்கள். தடத்தைக்கூட மூடியிருப்பார்கள். ஒன்பது வருடமாகக் கை பழகியது அது ஒன்றுதான். அவள் ஒருத்தி பட்டப்பகலில் வெட்டவெளியில் நிற்கிறாள். ஒரு குண்டு போதும். சுடத் தலையைத் தூக்க ஆளில்லை.

"வழக்குத் தொடுத்த தரப்பினர் வெளியே வந்து போரிடவும்" என்றது களநடுவர். ஒருவரும் வரவில்லை.

செண்பகவல்லிக்கு ஆத்திரமாகவும் வந்தது, சிரிப்பாகவும் வந்தது. துப்பாக்கியைச் சேற்றில் போட்டாள். இரண்டு கையையும் வாயில் குவித்துக் கத்தினாள்.

"ஏலே இசக்கி! வெளிய வாலே! கேஸ் போடத் தெரிஞ்சதுல்ல, வந்து சுடுலே! இந்தா நிக்கேன்!"

அவள் குரல் அந்த வெளி முழுக்கப் போய்த் திரும்பி வந்தது. எதிர்க்குழி ஒன்றில் ஏதோ அசைந்தது. இரும்புத்தொப்பி ஒன்று விளிம்புக்கு மேலே ஒரு விரற்கடை எழுந்து, அவள் நிற்கிற நிலையைப் பார்த்து, பதறிக்கொண்டு உள்ளே போனது.

"எக்கா!" உள்ளிருந்து இசக்கி கத்தினான். அன்றைக்குச் சுவரில் சாய்ந்து அழுதானே, அதே பயம் அவன் குரலில் இருந்தது. "குனிக்கா! எக்கா, குனி! யாராவது சுட்டுறப் போறாங்க!"

அந்த வெளியில் அவளைச் சுட வந்தவர்கள் அவனையும் அவனோடு படுத்திருந்த பத்துப் பேரையும் தவிர வேறு யாரும் இல்லை. அதைச் சொல்ல அவள் வாயைத் திறந்தாள். அவள் புகுந்திருந்த மீசைக்காரச் சிப்பாயின் கன்னத்தில் கண்ணீர் இறங்கியது.

"குனிய மாட்டேன்லே" என்றாள், இந்த முறை கத்தாமல். "நீ எந்திரி."

யாரும் எழுந்திருக்கவில்லை. செண்பகவல்லியும் குனியவில்லை. ஐந்து மணிக்குக் களம் மூடும் வரை அப்படியே நின்றாள். மறுநாளும் வந்து நின்றாள்.